கெய்ரோவின் பழைய நகரில் ஒரு நாள்: தெரு ஒரு பக்கம், கிப்லா ஒரு பக்கம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேலை விஷயமாகக் கெய்ரோ போகிறீர்கள். பிரமிடுகளுக்கு ஒரு நாள் ஒதுக்கியாயிற்று, இன்னும் ஒரு முழு நாள் மிச்சம் இருக்கிறது. அதில் பழைய இஸ்லாமிய நகரத்தை நடந்தே பார்க்க முடியுமா, கைடு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. "நாலு பள்ளிவாசல் பார்த்தால் அப்புறம் எல்லாம் ஒன்றுபோலத்தான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். கட்டடக்கலை தெரியாத எனக்கு அங்கே என்ன புரியும்?" வழி சொல்ல மேப் போதும். இதற்குத்தான் பதில் எழுத வேண்டும்.

நடக்கலாம், தாராளமாக. கைடு கட்டாயம் இல்லை. நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறையில் பல வருடமாக இருக்கிறேன், அதில் கொஞ்ச காலம் கெய்ரோவில். கல், சுண்ணாம்பு, சுவர், வளைவு பற்றி நான் சொல்வதை நம்பலாம். அரபுக் கல்வெட்டுகளை நேராகப் படிக்கும் அளவுக்கு எனக்கு அரபு வராது. அதில் மட்டும் படித்தவர்கள் பதிப்பித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் தப்பில்லை. மினாராவையும் குவிமாடத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனால் மதியத்துக்குள் சலித்துவிடும். நான் யாருக்குச் சொன்னாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். தெரு ஒரு பக்கம் ஓடுகிறது, மக்காவின் திசை, அதாவது கிப்லா, வேறு பக்கம் இருக்கிறது. தொழுகைக் கூடம் கிப்லாவைப் பார்த்துத்தான் நின்றாக வேண்டும், கெய்ரோவுக்கு அது தென்கிழக்கு. வாசலும் முகப்புமோ தெருவைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காசு போட்டுக் கட்டியவரின் பெருமை யார் கண்ணில் படும்? இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கொத்தனார் ஒவ்வொரு கட்டடத்திலும் எப்படித் தப்பித்தார் என்று பாருங்கள். அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் இரண்டு கட்டடம் ஒன்றுபோல இருக்காது.

இந்தச் சிக்கல் ஏன் வந்தது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 969இல் ஃபாத்திமிகள் என்ற ஷியா கலீஃபா வம்சத்தின் தளபதி ஜவ்ஹர் எகிப்தைப் பிடித்ததும், அப்போதிருந்த ஊரான ஃபுஸ்தாத்துக்கு வடக்கே மதில் போட்டு ஒரு புது நகரம் அமைத்தார். சாமானியர்கள் குடியிருக்க அமைத்த ஊர் இல்லை இது. கலீஃபா, அரண்மனை, படை, இவர்களுக்கு மட்டும். நடுவில் எதிரெதிராக இரண்டு அரண்மனைகள், வடக்கு தெற்காக ஒரு நெடுந்தெரு. தெருக்களெல்லாம் மேற்கே ஓடிய பழைய கால்வாயை ஒட்டிய போக்கில் அமைந்தன. அந்தப் போக்கும் கிப்லாவும் பொருந்தவில்லை. இடம் நிறைய இருந்தவரை யாருக்கும் கவலை இல்லை, பள்ளிவாசலை வேண்டிய பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டார்கள். 1171இல் சலாஹுத்தீன் ஃபாத்திமி ஆட்சியை முடித்துவைத்தார். அதன் பிறகு மதிலுக்குள் எல்லோரும் வந்தார்கள், அரண்மனைகள் போய் அந்த இடத்தில் மதரஸாக்களும் கல்லறை மாடங்களும் கடைகளும் முளைத்தன. நெடுந்தெருவில் ஒரு முழம் இடத்துக்கும் போட்டி. கொத்தனாரின் தலைவலி அங்கே ஆரம்பித்தது.

வடக்கிலிருந்து தெற்காக நடங்கள். மெட்ரோவில் பாப் அஷ்-ஷஅரிய்யா நிலையத்தில் இறங்கினால் பாப் அல்-ஃபுதூஹ் வாசல் நடந்துபோகும் தூரம்தான். அங்கிருந்து தெற்கு வாசலான பாப் ஸுவைலா வரை அல்-முஇஸ் தெரு சுமார் ஒன்றரை கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம், பார்த்துக்கொண்டே நடந்தால் அரை நாள்.

உள்ளே போகுமுன் வெளிப்பக்கம் நின்று மதிலைப் பாருங்கள். ஜவ்ஹர் கட்டியது மண் செங்கல், அது போய்விட்டது. இப்போது நிற்பது 1087இலிருந்து 1092க்குள் வஸீர் (தலைமை அமைச்சர்) பத்ர் அல்-ஜமாலி கல்லில் எழுப்பியது. அவர் ஆர்மீனியர். பாப் அல்-ஃபுதூஹின் கோபுரங்கள் உருண்டை, பக்கத்தில் இருக்கும் பாப் அந்-நஸ்ரின் கோபுரங்கள் சதுரம், அவற்றின் மேல் கேடயங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். பாப் ஸுவைலாவையும் சேர்த்து மூன்று வாசல்களையும், இன்று துருக்கியில் இருக்கும் எடெஸ்ஸாவிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொன்றாகக் கட்டினார்கள் என்று கைடுகள் சொல்வார்கள். அது பதினைந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதிவைத்த செய்தி, கட்டி முந்நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. வெட்டுக்கல்லைப் பொருத்தியிருக்கும் விதம் அன்றைய எகிப்துக்குப் புதுசு, சிரியா, ஆர்மீனியா பக்கத்துக் கைவேலை என்பது கல்லைப் பார்த்தாலே தெரிகிறது. அண்ணன் தம்பி மூவர் என்பதற்கு மக்ரீஸியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆளுக்கொரு வாசல் என்பது கொஞ்சம் அளவெடுத்துத் தைத்த கதைபோலத்தான் எனக்குப் படுகிறது.

வாசலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாக்கிம் பள்ளிவாசல், 990இல் தொடங்கி 1013இல் முடிந்தது. உள்ளே வெள்ளை மார்பிள் தரை கண் கூசும். சிறையாக, லாயமாக, கிடங்காகக் கிடந்து பாழடைந்ததை 1980 வாக்கில் நம்மூர் தாவூதி போராக்கள்தான் எடுத்துக் கட்டினார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் வியாபாரம் செய்யும் போராக்களைப் பார்த்திருப்பீர்கள், அதே சமூகம். ஃபாத்திமி இமாம்களைப் பின்பற்றும் மரபினர் என்பதால் இந்த இடம் அவர்களுக்கு யாத்திரைத் தலம். பழுதுபார்ப்பு என்ற பெயரில் பழசை மறைத்துவிட்டார்கள் என்று என் துறைக்காரர்களில் பலர் குறை சொல்வார்கள், நானும் மார்பிளை ரசிக்கவில்லை. ஆனாலும் இடிபாடாக விட்டிருக்கலாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வெளியே வந்து மினாராவின் அடிப்பகுதியைப் பாருங்கள், சதுரப் பெட்டிபோல ஒரு கல் உறை இருக்கும். பழைய மினாரா அதற்குள் ஒளிந்திருக்கிறது. உறை போட்டதும் பள்ளிவாசலை முடித்த கலீஃபா ஹாக்கிம்தான். எதற்காக என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இன்னும் கொஞ்சம் தெற்கே, தெருவின் கிழக்குப் பக்கம், சின்னதாக அல்-அக்மர் பள்ளிவாசல் வரும், 1125ஆம் வருடத்தது. உங்கள் முழு நாளில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். கெய்ரோவில் தெருவுக்கு இணையாக முகப்பைத் திருப்பிய முதல் பள்ளிவாசல் இது. வெளியே நின்றால் முகப்பு தெருவோடு ஒட்டிப் போகும். உள்ளே முற்றத்தில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள், கட்டடம் முழுக்கத் திருகிக்கொண்டது தெரியும். முகப்புக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருக்கும் பகுதி ஆப்பு வடிவம். ஒரு ஓரத்தில் வெறும் சுவராகத் தொடங்கி, மறு ஓரத்தில் அறையும் படிக்கட்டும் வைக்கும் அளவுக்கு அகன்றுவிடுகிறது. வேண்டாத கோணத்தை வீணாக்காமல் உபயோகத்துக்குக் கொண்டுவந்த யுக்தி இது. இதற்குப் பின் வந்த நானூறு வருடக் கட்டடங்களும் இதையே வேறு வேறு விதமாகச் செய்தன.

அதன் முகப்பிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாசலுக்கு மேலே சிப்பியின் வரிகள் விரிவதுபோலச் செதுக்கிய வளைவு, அதன் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் முஹம்மது, அலி என்ற பெயர்கள். கட்டியவர்கள் ஷியாக்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி. இடப்பக்கம் இருப்பது பழைய வேலை. வலப்பக்கம் ரொம்ப காலமாக ஒரு வீட்டுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. 1990களில் போராக்கள்தான் இடப்பக்கத்தைப் பார்த்து அதைத் திரும்பக் கட்டினார்கள். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். பழைய கல்லில் உளியின் விளிம்பு மழுங்கியிருக்கும், புதியதில் கூர்மை அப்படியே நிற்கும். இடது மூலையைச் சரிவாக வெட்டி விட்டிருப்பார்கள். சுமை ஏற்றிய ஒட்டகம் இடிக்காமல் திரும்பத்தான் என்பார்கள். இருக்கலாம், ஆனால் அது பிற்காலத்தார் சொல்லும் விளக்கம்.

அடுத்து தெரு இரண்டாகப் பிரியும் இடத்தின் நட்டநடுவில் 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டியது ஒன்று நிற்கும். கீழே தண்ணீர்ப்பந்தல், மேலே திண்ணைப் பள்ளிக்கூடம், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ அப்படி. வழிப்போக்கனுக்குத் தண்ணீர், அனாதைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன், கட்டியவருக்குப் புண்ணியம்.

அதைத் தாண்டினால் பைனல் கஸ்ரைன். இரண்டு அரண்மனைகளும் எதிரெதிரே இருந்த இடம் இதுதான். இப்போது மேற்குப் பக்கம் முழுக்க, அடிமைப் படைவீரர்களாக வந்து ஆட்சியைப் பிடித்த மம்லூக் சுல்தான்களின் கட்டடங்கள், முகப்போடு முகப்பு உரசிக்கொண்டு வரிசையாக. முதலில் சொன்ன கிப்லா கணக்கை இங்கே ஞாபகத்தில் வையுங்கள். தெருவின் கிழக்குப் பக்கம் கட்டினால் கிப்லா சுவர் கட்டடத்தின் முதுகுப்பக்கம் போய்விடும். மேற்குப் பக்கம் கட்டினால் கிப்லா சுவரே தெருச் சுவர் ஆகிவிடும். சுல்தானின் கப்ரு இருக்கும் அறைக்கு மிஹ்ராபும் (கிப்லாவைக் காட்டும் சுவர்க்குழிவு) வேண்டும், தெருவில் போகிறவர்கள் நின்று ஃபாத்திஹா ஓத ஜன்னலும் வேண்டும். இரண்டும் ஒரே சுவரில் அமைவது மேற்குப் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்து மனைக்கு ஏன் அத்தனை அடிபிடி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1284, 85இல் கட்டிய கலாவூன் வளாகம் இந்த வரிசையிலேயே பெரியது. கல்லறை மாடம், மதரஸா, பின்னால் மருத்துவமனை, மூன்றும் சேர்ந்து ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் எழும்பின. கட்டியவர் இளமையில் அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டுச் சுல்தான் ஆனவர். மம்லூக் சுல்தான்களில் பலரும் அப்படித்தான். இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்றால், பக்தி, பெருமை இரண்டோடு ஒரு சொத்துக் கணக்கும் உண்டு. அடுத்து வரும் சுல்தான் எந்த நேரமும் சொத்தைப் பறிமுதல் செய்யலாம். வக்ஃபாக எழுதிவைத்துவிட்டால் கை வைப்பது கடினம், பிள்ளைகளை அதற்கு நிர்வாகியாகப் போட்டுவிட்டால் குடும்பமும் பிழைக்கும். இந்தத் தெருவில் நீங்கள் பார்க்கும் கட்டடங்களில் பாதிக்கு மேல் பின்னால் இப்படி ஒரு பத்திரம் இருக்கிறது.

உள்ளே நீண்ட, இருண்ட நடை. அதன் வலப்பக்கம் கல்லறை மாடம், இடப்பக்கம் மதரஸா. மாடத்துக்குள் நாலு பெரிய தூண்கட்டுகளும் நாலு சிவப்பு கிரானைட் தூண்களும் சேர்ந்து எண்கோணமாக நின்று குவிமாடத்தைத் தாங்கும். கிரானைட் தூண்கள் எல்லாம் அதற்கும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. தெருப்பக்க ஜன்னல் ஒன்றின் அருகே போய், அதன் இரண்டு பக்கவாட்டுகளையும் பாருங்கள். சுவர் எவ்வளவு தடிமன், தெருவின் போக்கும் அறையின் போக்கும் எங்கே விலகுகின்றன என்பதெல்லாம் அந்த ஜன்னலின் ஆழத்தில் தெரியும். தெருவில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பாருங்கள், அதுவே ஒரு பழக்கமாகிவிடும்.

கலாவூனின் முகப்பில் இரட்டை ஜன்னலும் அதன்மேல் வட்டமும் வருவதைப் பார்த்து ஐரோப்பிய தேவாலயச் சாயல் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சிலுவைப் போர்க்காரர்களின் சிரியக் கட்டடங்களிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி, அதற்கு ஒப்பாத கட்சியும் உண்டு. அது தீராத வழக்கு. ஆனால் ஒட்டினாற்போல நிற்கும் அவர் மகன் அந்-நாஸிர் முஹம்மதின் மதரஸா வாசலைப் பற்றி வழக்கே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூர் வளைவுகளும் மெல்லிய தூண்களுமாக இருக்கும் அந்த வெள்ளை மார்பிள் வாசல், பாலஸ்தீனக் கடற்கரையில் இருக்கும் அக்கா (ஏக்கர்) நகரத்தின் தேவாலயம் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. 1291இல் சிலுவைப் போர்க்காரர்களிடமிருந்து அக்காவைப் பிடித்தபோது கிடைத்த வெற்றிப் பொருள். அதற்கடுத்த சுல்தான் பர்கூக்கின் வளாகத்தை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

பெயர்த்துக் கொண்டுவருவது என்று சொன்னதும் இன்னொன்று. இந்தத் தெருவுக்கு இணையாகக் கிழக்கே ஓடும் ஜமாலிய்யா தெருவில், சுல்தான் இரண்டாம் பைபர்ஸ் கட்டிய சூஃபி மடம் இருக்கிறது. அதன் வாசற்படிக் கல்லைக் குனிந்து பாருங்கள். ஃபாரோ காலத்துச் சித்திர எழுத்துகள் இருக்கும். நிமிர்ந்து முகப்பில் ஓடும் எழுத்துப் பட்டையைப் பாருங்கள், ஓரிடத்தில் எழுத்து செதுக்கி எடுக்கப்பட்டு வெறுமையாக இருக்கும். மேலே சொன்ன அந்-நாஸிர் முஹம்மது, தன் ஆட்சியைப் பிடுங்கிய பைபர்ஸைக் கொன்றபிறகு அவர் பட்டங்களை இப்படி அழித்தார். எழுத்துப் படிக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கும் இந்த ஒரு இடம் புரியும்.

அல்-அஸ்ஹர் சாலை குறுக்கே வெட்டும். சுரங்க வழியில் தாண்டிவிடுங்கள், அந்தச் சாலையில் வண்டிகளோடு போட்டி போட வேண்டாம். மறுபக்கம் தெருவின் இரண்டு புறமும் சுல்தான் அல்-கூரியின் கட்டடங்கள். 1516இல் உஸ்மானியரோடு நடந்த போரில் கூரி இறந்தார், உடல் கிடைக்கவே இல்லை. அத்தனை செலவழித்துக் கட்டிய மாடத்தில் அவர் இல்லை. அவருக்குப் பின் வந்த கடைசி மம்லூக் சுல்தான் தூமான்பாயை 1517இல் பாப் ஸுவைலாவில் தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு தடவை அறுந்தது என்று கைடு சொன்னால் சிரித்துவிடாதீர்கள், அந்தக் காலத்தில் வாழ்ந்த வரலாற்றுக்காரரே எழுதிவைத்ததுதான்.

பாப் ஸுவைலாவின் இரண்டு கோபுரங்கள் மேலும் இரண்டு மினாராக்கள் நிற்கின்றன. கோபுரம் பதினோராம் நூற்றாண்டு, மினாரா சுல்தான் அல்-முஅய்யத் ஷேக்கின் காலம், அதாவது 1415க்குப் பிறகு. பக்கத்தில் இருக்கும் தன் பள்ளிவாசலுக்காக நகர வாசலையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார். மேலே ஏறலாம், படி செங்குத்து, முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். முஅய்யத் பள்ளிவாசலின் வெண்கலக் கதவை மட்டும் தவறவிடாதீர்கள். சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்குச் செய்தது அது, அங்கிருந்து கழற்றி இங்கே மாட்டினார்கள்.

வாசலைத் தாண்டி வலுவிருந்தால் கிழக்கே தர்ப் அல்-அஹ்மர் தெருவில் திரும்புங்கள். உங்கள் பையில் ஐம்பது பவுண்டு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் அச்சிட்டிருக்கும் பள்ளிவாசல் இங்கேதான் இருக்கிறது, மம்லூக் அமீர் கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகி 1480, 81இல் கட்டியது. இரண்டு தெருவுக்கு நடுவே அகப்பட்ட முக்கோண மனை. கீழே கடைகள், மேலே பள்ளிவாசல், சந்தின் குறுக்கே ஒரு பாலம். இத்தனைக்கும் உள்ளே நுழைந்தால் சதுரமான, அமைதியான கூடம். கோணல் எல்லாம் எங்கே போயிற்று என்று தேடுங்கள், சுவர்களுக்குள்ளும் மூலை அறைகளுக்குள்ளும் கிடைக்கும். காலையில் அல்-அக்மரில் பார்த்ததன் கடைசிப் பாடம் இது. கிஜ்மாஸ் டமாஸ்கஸில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவருக்காகக் கட்டிய மாடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரியவர் அபூ ஹுரைபா அடங்கியிருக்கிறார், ஊர்க்காரர்களுக்கும் அவர் பெயரில்தான் அந்தப் பள்ளிவாசல்.

அதே வழியில் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் கோட்டையின் அடிவாரத்தில் சுல்தான் ஹசன். 1356இல் தொடங்கியது, நூறு பவுண்டு நோட்டில் இருப்பது. அதன் வாசல் மட்டுமே சுமார் 38 மீட்டர் உயரம். அந்த வாசலைக் கட்டட முகப்பிலிருந்து சற்றுத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கோட்டையிலிருந்து பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காக என்பது எனக்கும் ஏற்புடைய விளக்கம்தான், ஆனாலும் விளக்கம்தான், ஆவணம் இல்லை. வாசலின் பக்கச் சுவர்களில் செதுக்குவேலை பாதியில் நிற்கும். கோடு மட்டும் கீறிவிட்டு உளி படாமல் விட்ட இடங்களைத் தேடிப் பார்த்தால் வேலை எந்த வரிசையில் நடந்தது என்று புரியும். கட்டிக்கொண்டிருக்கும்போதே 1361இல் ஒரு மினாரா விழுந்து சுமார் 300 பேர் செத்தார்கள் என்று மக்ரீஸி எழுதுகிறார். விழுந்தது நிச்சயம். எண்ணிக்கையை அவர் காலத்துப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட சுவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருப்பதெல்லாம் இரண்டு நிறக் கல் இல்லை. பல இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூசிய வண்ணம். கல்லின் மூட்டும் நிறம் மாறும் கோடும் ஒன்றாகப் போனால் கல், விலகிப் போனால் பூச்சு. மதில், குவிமாடம் எதுவும் அப்படியே பழசு என்று நினைக்கவும் வேண்டாம். 1880களிலிருந்தே பழுதுபார்ப்புக் குழு வேலை செய்திருக்கிறது, 1992 நிலநடுக்கத்துக்குப் பிறகு இன்னொரு பெரிய சுற்று நடந்தது.

கைடு விஷயம். கதைகளுக்காக வேண்டாம், பூட்டிய கதவைத் திறக்க வைப்பதற்கு வேண்டுமானால் உதவுவார். ஆனால் அதற்குக் காவலாளியிடம் சிரித்த முகமும் சின்னத் தொகையும் போதும். மினாரா ஏறலாம் என்று கூப்பிடுகிறவரிடம் ஏறுமுன்னே தொகையைப் பேசிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் தொழுகை நேரம் தவிர உள்ளே போகலாம். பெண்கள் கூட வந்தால் ஒரு துப்பட்டா, எல்லோருக்கும் சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு. கலாவூன் வரிசை கிழக்கு பார்த்தது, அதனால் அந்த முகப்புகளுக்குக் காலை வெயில் நல்லது. அல்-அக்மர் மேற்கு பார்த்தது, காலையில் நிழலில் இருக்கும், செதுக்கல் தெரிய மதியம் தாண்ட வேண்டும். ஆகவே ஒன்பது மணிக்குத் தொடங்கி தெற்கே போய்விட்டு, சாயங்காலம் கான் அல்-கலீலி கடைவீதியில் டீ குடிக்கத் திரும்புவீர்கள்தானே, அப்போது ஐந்து நிமிடம் வடக்கே நடந்து அதை மறுபடி பார்த்துவிடுங்கள். கால் ஓய்ந்துவிட்டால் பர்கூக்கையும் கூரியையும் விடலாம், சுல்தான் ஹசனுக்கு பாப் ஸுவைலா பக்கத்திலிருந்து டாக்ஸி பிடிக்கலாம். வெள்ளிக்கிழமையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஜும்ஆ முடியும்வரை பாதிக் கதவுகள் உங்களுக்குத் திறக்காது.